ஈறில் ரத்தமா? அலட்சியம் வேண்டாம்!

சென்னை அபிராமபுரத்தில் வீட்டு வேலைக்குப் போகிற அக்காவும், ஊரில் நடவுக்குப் போகிற நாமும் பல் விஷயத்தில் ஒண்ணுதான். வலி தாங்கலைன்னாதான் டாக்டரிடம் போவோம்.

ஆனால் ஈறு நோய் ஆரம்பத்தில் வலிக்காது. பல் துலக்கும்போது ரத்தம் வருவதே முதல் அறிகுறி. அப்படியே விட்டால் பல் ஆடி விழும். சர்க்கரை நோய் இருந்தால் ஈறு சீக்கிரம் கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டம்.

காலை, இரவு இரண்டு வேளையும் ஃபுளோரைடு பேஸ்ட்டால் 2 நிமிடம் துலக்குவோம். சாம்பல், செங்கல் பொடி வேண்டாம். புகையிலையை அறவே விடுவோம்.

மாவட்ட அரசு மருத்துவமனையில் பல் பிரிவு உண்டு. சென்னையில் இருப்பவர்களுக்கு, கோட்டை ரயில் நிலையம் அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

கட்டாத கடன் மாதிரி, பார்க்காத பல்லும் வட்டியோடு கேட்கும். அடுத்த குழுக் கூட்டத்தில் இதையும் பேசுவோமா?