படி ஏறலாம், முழங்காலையும் காக்கலாம்

திண்டுக்கல் நகருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? ஊரை ஒட்டித் தனித்து நிற்கும் பெரும் பாறை, சாய்ந்துகொள்ளும் திண்டைப் போலத் தோன்றுவதால் வந்தது என்பார்கள். மதுரை நாயக்க மன்னர் முத்துக்கிருஷ்ணப்பர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பாறையின் மேல் கோட்டை எழுப்பினார். இன்றும் பாறையில் வெட்டிய படிகள் வழியாகத்தான் அதற்கு ஏறிச் செல்ல வேண்டும்.

ஒரு முறை மாணவர்களுடன் அங்கே சென்றிருந்தேன். ஏறும்போது எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. இறங்கும்போதோ இளைப்பே இல்லை. இரண்டிரண்டு படிகளாகத் தாண்டி வந்தோம். மறுநாள் எனக்கு முழங்கால் வலி. “ஏறினப்ப வலிக்கலையே, இறங்கினதுக்கு ஏன் சார் வலிக்குது?” என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி! அதற்கு விடை தெரிந்தால் முழங்காலைக் காக்கும் வழியும் தெரிந்துவிடும்.

நமது முழங்காலுக்குள்ளும் ஒரு திண்டு இருக்கிறது. தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் நேராக உரசிக்கொள்ளாதபடி, இரண்டின் முனைகளையும் வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. இடையே பிறைவடிவில் இரண்டு மெத்தைகளும் உள்ளன. மூட்டின் முன்னால் இருக்கும் முழங்கால் சில்லு, கிணற்றுக் கப்பியைப் போன்றது. தொடையின் முன்புறத் தசைகள் இழுக்கும் விசையை அது கீழ்க்காலுக்குத் திருப்பிவிடுகிறது.

இனி ஒரு சிறு கணக்குப் போடுவோம். உங்கள் எடை 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு காலால் படியில் நிற்கிறீர்கள், முழங்கால் மடங்கியிருக்கிறது. உடலின் எடைக்கோடு மூட்டுக்கு 10 செ.மீ. பின்னால் விழுகிறது. தசையின் இழுவைக்கோடு மூட்டிலிருந்து 4 செ.மீ. தொலைவில்தான் இருக்கிறது. நெம்புகோல் விதிப்படி, 60 x 10 = 600. இதை 4ஆல் வகுத்தால் 150. அதாவது, நீங்கள் விழாமல் நிற்பதற்குத் தசை 150 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்க வேண்டும். அந்த இழுவையும் உங்கள் எடையும் சேர்ந்து மூட்டை அழுத்தும்போது ஏறத்தாழ 210 கிலோ ஆகிறது. உங்கள் எடையைப்போல் மூன்றரை மடங்கு!

இது வெறும் ஏட்டுக் கணக்கா? இல்லை. பெர்லின் நகர ஆய்வாளர்கள், செயற்கை மூட்டு பொருத்தப்பட்ட ஐந்து பேரின் மூட்டுக்குள்ளேயே விசை அளக்கும் கருவியை வைத்து அளந்து, முடிவுகளை 2010இல் வெளியிட்டார்கள். சமதரையில் நடக்கும்போது மூட்டின் மேல் விழும் உச்ச விசை உடல் எடையைப்போல் சுமார் 2.6 மடங்கு; படி ஏறும்போது 3.2 மடங்கு, இறங்கும்போது 3.5 மடங்கு.

ஆக, இறங்குவதே மூட்டுக்குக் கடினம். ஆனால் நம் மூச்சு அதைச் சொல்வதில்லை. 1952இல் இங்கிலாந்தில் ஒரு வேடிக்கையான சோதனை செய்து காட்டினார்கள். இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக வைத்து ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் பெடலை எதிர்த்துத் தடுக்க வேண்டும். விசை இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் மிதித்தவருக்குத்தான் இளைத்தது. தடுத்தவருக்கு ஆக்சிஜன் செலவு மிகக் குறைவு. சுருங்கும் தசையைவிட, இழுபட்டு நீண்டுகொண்டே தடுக்கும் தசைக்கு எரிபொருள் குறைவாகவே தேவைப்படுகிறது. படி இறங்கும்போது நம் தொடைத் தசை இந்தத் தடுக்கும் வேலையைத்தான் செய்கிறது. இளைப்பு இல்லையே என்று நாம் ஓடுகிறோம்; அடி முழுவதையும் மூட்டு வாங்கிக்கொள்கிறது. குருத்தெலும்புக்கு நரம்பும் கிடையாது. எனவே அது உடனே முறையிடுவதும் இல்லை.

அப்படியானால் படியே ஏறாமல் இருந்துவிடலாமா? என் தாயார் அப்படித்தான் முடிவு செய்தார்கள். ஆண்டுதோறும் பழனிக்குச் சென்றவர்கள், “முழங்கால் தேஞ்சு போயிரும்” என்று அஞ்சி, வீட்டு மாடிக்கும் ஏறுவதை நிறுத்திக்கொண்டார்கள். வலி குறைந்ததா? இல்லை, கூடியது. காரணம் இதுதான். குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. பஞ்சைப்போல அழுந்தி விரியும்போதுதான் மூட்டுத் திரவத்திலிருந்து அது உணவைப் பெறுகிறது. அசையாத மூட்டு பட்டினி கிடக்கிறது. தொடைத் தசையும் மெலிந்து, தாங்கும் வலிமையை இழக்கிறது.

1980களின் இறுதியில் அமெரிக்காவில் ஜின் மில்லர் என்ற உடற்பயிற்சி ஆசிரியைக்கு முழங்காலில் காயம் ஏற்பட்டது. மருத்துவர் சொன்ன சிகிச்சை, பால் பெட்டி ஒன்றின் மேல் ஏறி இறங்கித் தொடைத் தசையை வலுப்படுத்துவது! இன்று உலகெங்கும் பரவியுள்ள படிப்பயிற்சி அதிலிருந்து பிறந்ததுதான். மூட்டைக் கெடுப்பது படியன்று. படியில் நாம் நடந்துகொள்ளும் முறையே.

முறை என்ன என்பதை மேலே போட்ட கணக்கே சொல்லிவிடும். அந்தப் ‘10 செ.மீ.’ குறைந்தால் விசையும் குறையும்.

படியின் உயரம் குறைவாக இருக்கட்டும். 10 செ.மீ. பலகையில் தொடங்கி, பழகிய பின் 15 செ.மீ.க்குச் செல்லலாம். முழங்கால் செங்கோணத்துக்கு மேல் மடங்கவே கூடாது. பாதம் முழுவதையும் படியில் பதியுங்கள். இடுப்பிலிருந்து உடலைச் சற்றே முன்சாய்த்தால் எடைக்கோடு மூட்டை நெருங்கும். சுமையில் ஒரு பங்கை இடுப்புத் தசைகள் ஏற்கும். முழங்கால் உள்பக்கம் சாயாமல் கால்விரல்களின் நேரே நிற்கட்டும். ஊன்றிய காலின் மேல் உடலைத் திருப்பாதீர்கள். பலகையிலிருந்து முன்பக்கம் குதிக்காமல், பின்பக்கமாக ஓசையின்றி இறங்குங்கள். முதலில் எடுத்து வைக்கும் காலை அவ்வப்போது மாற்றுங்கள்.

ஒரு காலில் நோவு இருந்தால், ஏறும்போது நல்ல கால் முதலில்; இறங்கும்போது நோவுள்ள கால் முதலில். இப்படிச் செய்தால் கடினமான வேலை இரண்டு முறையும் நல்ல காலுக்கே போகும். கைப்பிடி இருந்தால் பிடித்துக்கொள்ளத் தயங்க வேண்டாம்.

பயிற்சிக்கு மறுநாள் தொடைச் சதை வலித்தால் அஞ்ச வேண்டியதில்லை. இரண்டொரு நாளில் போய்விடும். ஆனால் மூட்டு வீங்கினாலோ, மடக்க முடியாமல் பிடித்துக்கொண்டாலோ, நடக்கையில் திடீரென்று நழுவினாலோ பயிற்சியை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

பழனி மலைக்கு 693 படிகள் என்பார்கள். இறங்கும்போது ஒவ்வொரு காலும் ஏறத்தாழ 350 முறை அந்த மூன்றரை மடங்குச் சுமையைத் தாங்க வேண்டும். படிக்கட்டைத் தவிர, சாய்வாகச் செல்லும் யானைப்பாதையும் அங்கே உண்டு. 1966 முதல் விஞ்சும், 2004 முதல் ரோப் காரும் ஓடுகின்றன. ஏற முடியாதவர்களுக்கு என்றே நாம் அவற்றை நினைக்கிறோம். இயற்பியல் சொல்வது வேறு: ஏறுவதற்குக் காலைப் பயன்படுத்துங்கள், இறங்குவதற்கு விஞ்சைப் பயன்படுத்துங்கள்!

மருத்துவரிடம் காட்டிவிட்டு, என் தாயாருக்கு 10 செ.மீ. உயரத்தில் ஒரு பலகை செய்து கொடுத்தேன். சுவரைப் பிடித்தபடி முதலில் நாளுக்குப் பத்து முறை, பிறகு இருபது. ஆறு மாதம் கழித்து யானைப்பாதை வழியாக, இடையிடையே உட்கார்ந்து, மெல்ல மேலே சென்றார்கள். திரும்பும்போது விஞ்சுக்கு நீண்ட வரிசை. “நடந்தே இறங்கிருவோமாப்பா?” என்று கேட்டார்கள். வேண்டாம் என்று வரிசையில் நிறுத்தினேன்.