மலையகப் பேச்சிற் பாராட்டுச் சொற்கள்

நன்றாயிருப்பதை நன்றெனச் சொல்லுதற்கு ‘நன்று’ என்னும் ஒரு சொல்லே போதும். ஆயினும் எம்மொழியாளரும் அவ்வொன்றோடு அமைந்தாரல்லர். வியப்பு மிகுந்தவிடத்து அச்சொல் மெலிந்து தோன்றுகின்றது. அதனினும் வன்மையுள்ள வேறொன்றைத் தேடுகின்றனர். அவ்வாறு பேச்சில் எழுந்த சொற்களைக் கொச்சையென்று கூறி ஆசிரியர்களாகிய நாம் சிவப்பு மையால் வெட்டுகின்றோம். அங்ஙனம் வெட்டுதல் எவ்வளவு தகும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இலங்கைப் புகையிரதப் பாதையில் மிக உயரத்திலுள்ள நிலையம் பட்டிப்பொல. சிங்கள மக்களின் மரக்கறிப் பாத்திகளும் தமிழ்த் தொழிலாளரின் லயங்களும் அடுத்தடுத்துக் காணப்படும் பகுதி இது. இங்கு மாலையிற் பந்தடிக்கும் சிறுவரைச் செவிமடுப்போர்க்கு ஒரு சிறு சொற்களஞ்சியமே கிடைக்கும். நல்ல அடியொன்று விழுந்தால் பெரியவர் ‘சபாஷ்’ என்பார். அவர் மகன் ‘ஜோரு’ என்பான். பேரன் ‘செம’ என்பான். அவனுடைய சிங்களத் தோழன் ‘எலகிரி’ என்பான். எலகிரி என்பது சிங்களத்திற் பசுப்பால். அம்பேவலைப் பாற்பண்ணை அணித்தே இருப்பதால் இவ்வூரார்க்கு அச்சொல் இருமடங்கு பொருந்தும் போலும்!

இவற்றுள் முதியவையும் தூய தமிழல்ல. ‘சபாஷ்’ என்பது ‘மகிழ்வோடிரு’ எனப் பொருள்படும் ‘ஷாத் பாஷ்’ என்னும் பாரசீகத் தொடரின் சிதைவு. ‘ஜோர்’ அம்மொழியில் வலிமையைக் குறிப்பது. ‘பேஷ்’ மிகுதியைக் குறிப்பது. ‘சோக்கு’ அரபு மொழியில் வேட்கையைக் குறிக்கும் ‘ஷௌக்’ என்பதன் வழிவந்தது. தமிழ்நாட்டில் நவாபுகளும் மராத்தியரும் ஆண்ட காலத்து இத்தகைய சொற்கள் பேச்சிற் பரவின. 1820-கள் தொட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் கடல் கடந்து வந்த நம் முன்னோர் மூட்டை முடிச்சுகளோடு இவற்றையும் கொணர்ந்தனர். ‘சோக்கு’ யாழ்ப்பாணத்திலும் வழங்கும்; ‘ஷோக்’ எனச் சிங்களத்திலும் வழங்கும். ஒரே சொல் யாழ்ப்பாணத்தார் வாயில் வந்தால் வட்டார வழக்கென்று சுவைக்கப்படுவதும், தோட்டத்தார் வாயில் வந்தால் ‘தோட்டப் பாஷை’ என்று நகைக்கப்படுவதும் ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

இனி, இன்று மேடையிலும் ஏட்டிலும் தயக்கமின்றி ஆளப்படும் ‘பிரமாதம்’ என்னும் சொல்லை நோக்குக. வடமொழியில் அதன் பொருள் கவனக்குறைவு, தவறு என்பன. தவறைக் குறித்த சொல் பெரிதுபடுத்தத்தக்க காரியத்தைக் குறிக்கலாயிற்று; ‘அது ஒன்றும் பிரமாதமில்லை’ என்னும்போது அந்த இடைநிலைப் பொருளே நிற்கின்றது. அதன் பின்னரே சிறப்பைக் குறிக்கத் தொடங்கிற்று. ‘அமர்க்களம்’ என்பதும் அத்தகையதே. போர்க்களத்தின் பெயர் ஆரவாரத்துக்காகிப் பின்பு கலியாணப் பந்தலின் சிறப்புக்கும் ஆயிற்று. சிங்கள இளைஞர் பாராட்டும் ‘மரு’ என்னும் சொல்லோ சாவைக் குறிப்பது. பாடகன் ஒருவன் நன்றாகப் பாடினால் ‘கொன்னுட்டான்’ என்று நம்மவர் கூறுவதும் இதற்கு அயலதன்று.

தொலைவிலுள்ள நோர்வேயிலும் இவ்வழக்கே காணப்படுகின்றது. ஈழத்தமிழர் பலர் அங்குக் குடியேறியிருத்தலின் அந்நாட்டு மொழி நமக்கு முற்றும் அந்நியமன்று. அங்குள்ள இளையோர் ஒன்றை மெச்சும்போது ‘ஃபெத்’ என்பர். கொழுப்பு என்பது அதன் நேர்ப்பொருள். ‘ரோத்’ என்பர், பச்சையானது, வேகாதது என்பது பொருள். ‘சிக்த்’ என்னும் நோயைக் குறிக்கும் சொல்லை நன்மையைக் குறிக்கும் சொல்லுக்கு முன் நிறுத்தி ‘மிக நன்று’ என்னும் பொருள் கொள்வர். அரக்கனைக் குறிக்கும் ‘ஷெம்பெ’யையும் அவ்வாறே முன்னொட்டுவர். அரசனைக் குறிக்கும் ‘கொங்கெ’யும் பாராட்டாகும். கொழுப்பு, நோய், அரக்கன், அரசன் என்னும் இவற்றிடையே உறவில்லை. அளவு மீறுதல் ஒன்றே பொது. மெச்சுவோர் நாடுவது அந்த மீறுதலையேயன்றிச் சொல்லின் பழம்பொருளையன்று. நாளடைவில் எல்லாரும் ஆள ஆள அச்சொல்லும் மழுங்கும். அடுத்த தலைமுறை வேறொன்றைத் தேடும்.

இலக்கணம் இதனைப் பொறுக்குமோ எனின், நம் இலக்கணிகள் நம்மினும் தாராளமானவர்கள். உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு ஆகியவற்றால் திணையும் பாலும் பிறழ்ந்து வரினும் அது வழுவன்று என நன்னூலார் அமைதி கூறினார். பசுவைக் கண்டு மகிழ்ந்தவன் ‘என் தாய் வந்தாள்’ என்றால் திணை மயங்கியது உண்மை. உவப்பு அதனைக் காத்தது. பிறநாட்டுச் சொற்களுக்குத் திசைச்சொல் என இடம் வகுத்தவரும் அவரே.

ஆயினும் எழுத்திலும் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்தன்று. ‘சோக்கு’, ‘செம’, ‘வேற லெவல்’ ஆகியவை எவ்வளவு பிடித்தது என்பதைக் காட்டும். ஏன் பிடித்தது என்பதைக் காட்டா. கட்டுரைக்கு வேண்டியது பின்னையது. ‘பிரமாதம்’, ‘அபாரம்’ என்னும் மதிப்புள்ள சொற்களுக்கும் இக்குறை உண்டு. ஆதலின் சொல்லை வெட்டுவதால் மட்டும் குறை நீங்காது. தோட்டத்திலிருந்து நகரப் பாடசாலைக்குச் சென்று, இத்தகைய சொல்லொன்றுக்காகச் சிரிப்புக்குள்ளான பிள்ளைகளை அறிவேன். அவர்கள் அதன்பின் திருத்தமாகப் பேசினாரல்லர், பேசுவதையே குறைத்துக்கொண்டனர்.

அண்மையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் தோட்டத்துக் காமன் கூத்தைப் பற்றி, ‘கூத்து சோக்காக இருந்தது’ என ஒரே வரியில் எழுதி முடித்திருந்தான். சொல்லை வெட்டாது, பக்கத்தில் ‘எதனால்?’ என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் இரண்டு பக்கம் எழுதிவந்தான். காமன் எரிந்தபின் தப்பு ஒரு கணம் நின்றதும், அவ்வமைதியில் ரதியின் ஒப்பாரி எழுந்ததும், வேடமிட்டவர் தன் சித்தப்பா என்பதையே மறந்து தன் தாய் அழுததும் அதில் இருந்தன. முதல் வரியில் ‘சோக்கு’ அப்படியே நின்றது.