கரையில் உடையும் அலைகள்

கரையை நெருங்கும்போது ஆழம் குறைவதால் அலையின் வேகம் குறைந்து உயரம் கூடுகிறது. உயரம் நீரின் ஆழத்தில் ஏறத்தாழ 0.78 பங்கை எட்டியதும் முகடு கவிழ்ந்து அலை உடைகிறது.

அலையின் ஆற்றல் உயரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். உடைந்த அலையின் உயரம் பாதியானால் மிஞ்சுவது கால்பங்கு ஆற்றலே. இழந்ததில் பெரும்பகுதி நுரையிலும் நீர்ச்சுழலிலும் சிதறி வெப்பமாகிறது. எங்கள் குரங்கணி மலையோடை பாறையில் மோதி நுரைத்து வேகம் இழப்பதும் இவ்வகையே. கடலில் ஒரு சிறு பகுதி மணலைக் கிளறிக் கரையோரமாக நகர்த்தும்.

சென்னையில் அந்த மணல் பெரும்பாலும் வடக்கே செல்லும். 1876இல் தொடங்கிய துறைமுகக் கட்டுமானம் அதை மறித்தது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே மணல் வராத இராயபுரம் கரை அரிக்கப்பட்டது. அங்கே கருங்கற்களைக் கொட்டினர். கற்களின் இடுக்குகளில் நீர் புகுந்து ஆற்றல் சிதறும். வழவழப்பான செங்குத்துச் சுவரோ அலையைத் திருப்பியடித்துத் தன் அடிமணலைப் பறிகொடுக்கும். ஆனால் மீனவர் படகை இழுத்து ஏற்ற மணல்தான் வேண்டும். அதைக் கற்கள் தருவதில்லை.