இரகசிய எண்ணும் இளகிய மனமும்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அந்நாட்களுக்கென அரசு வழங்கும் நிவாரணத் தொகை, மீனவக் குடும்பங்களின் வங்கிக் கணக்கில் வந்து சேருகிறது. பழவேற்காடு ஏரியைச் சார்ந்த குப்பமொன்றில் வாழும் தாய் ஒருவர், அத்தொகையை எடுக்க ஏ.டி.எம். நிலையம் சென்றார். பொத்தான்களை அழுத்தத் தெரியாது நின்றவரிடம், “நான் எடுத்துத் தரட்டுமா, அம்மா?” என்று கனிவாகக் கேட்டான் ஓர் இளைஞன். “என் மூத்த மகன் பிறந்த வருசந்தான் நம்பர், தம்பி” என்று சொல்லி அட்டையைக் கொடுத்தார். பணம் வரவில்லை என்று கூறி அவன் திருப்பித் தந்தது வேறோர் அட்டை. இரு நாட்களில் கணக்கு காலியாயிற்று.

“பணம் போனதைவிட, அவனை மகனைப்போல நம்பினேனே, சாமி!” என்று அவர் அழுதது இன்னும் என் செவியில் ஒலிக்கிறது.

அன்பார்ந்த வாசகர்களே! நான்கு இலக்கங்களால் 10,000 எண்கள் அமையும். பிறந்த ஆண்டை வைத்துக்கொண்டாலோ, ஊகிக்க வேண்டியவை நூற்றுக்கும் குறைவே. ஒருவருடைய வயதறிந்தால் அவையும் நாலைந்தாகச் சுருங்கிவிடும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் 2012-ஆம் ஆண்டு கணித்தது இது: உரியவரின் பிறந்த தேதியைக் கொண்டு ஊகித்தாலே, திருடிய 11 முதல் 18 பணப்பைகளுக்கு ஓர் அட்டையைத் திருடன் பயன்படுத்திவிட முடியும். அன்பினால் நாம் தேர்ந்துகொள்ளும் எண்ணையே அயலான் முதலில் ஊகிக்கிறான்.

ஊகிக்க இயலாதபோது பேசிப் பெறுகிறான். ‘வங்கி மேலாளர் பேசுகிறேன், உங்கள் அட்டை முடங்கிவிட்டது’ என்று அச்சுறுத்துகிறான். பரிசு விழுந்ததென ஆசை காட்டுகிறான். ஜார்க்கண்ட் மாநிலத்து ஜாம்தாரா இத்தகைய தொலைபேசி மோசடியால் நாடெங்கும் பேசப்பட்டது.

இம்முறை புதிதன்று. நீதித்தலைவர்கள் நூலில் சிம்சோனை நினைத்துப் பாருங்கள். அவர் வலிமையைப் பெலிஸ்தியரின் படைபலம் வெல்லவில்லை. மும்முறை மறைத்தவர், தெலீலா நாள்தோறும் நச்சரிக்கவே, மனம் சலித்து உண்மையைச் சொன்னார். தலைமுடியை இழக்குமுன் இரகசியத்தை இழந்தார்.

உதவ வருபவரையெல்லாம் ஐயுறுங்கள் என்று நான் சொல்லவில்லை. உதவியை ஏற்கலாம், எண்ணைச் சொல்ல வேண்டியதில்லை. அதை மறைப்பது அன்பின்மை ஆகாது. பிறந்த நாள், திருமண நாள், வண்டி எண் ஆகியவற்றைத் தவிர்ப்போம். அட்டையின் பின்புறம் எண்ணை எழுத வேண்டாம். அழுத்தும்போது மறு கையால் மறைப்போம். எந்த வங்கியும் இரகசிய எண்ணையோ ஓ.டி.பி.யையோ கேட்பதில்லை. ஏமாந்துவிட்டால், வெட்கத்தால் மறைக்காமல் உடனே வங்கிக்கு அறிவித்து அட்டையை முடக்கி, 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் திருடனுக்கே ஆதாயம்.

இல்லங்களில் படித்த பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: இவ்வாரமே ஒரு நாள் பெற்றோரை ஏ.டி.எம். நிலையத்திற்கு அழைத்துச் சென்று, பொறுமையோடு கற்றுக்கொடுங்கள். சொந்தப் பிள்ளை அருகிருந்து சொல்லிக்கொடுத்திருந்தால், அந்தத் தாய் அயலானை நாடியிருக்கமாட்டார்.