பூட்டும் திறப்பும்: கண்டி வன்செயல்களும் அந்தரங்கத் தரவு பற்றிய விவாதமும்

திறன்பேசியில் பரிமாறப்படும் அந்தரங்கச் செய்திகளைத் திறந்து படிக்கும் உரிமை அரசுக்கு உண்டா என்னும் வினா இன்று உலகெங்கும் எழுப்பப்படுகின்றது. பொதுப் பாதுகாப்பா, தனிமனித அந்தரங்கமா என இருமுனைப்படுத்தியே இவ்விவாதம் பெரும்பாலும் நடத்தப்பெறுகின்றது. அரசு என்பது வர்க்கத்துக்கும் இனத்துக்கும் அப்பாற்பட்ட நடுநிலைக் காவலன் என்ற எடுகோள் இதனுள் மறைந்து நிற்கின்றது. கண்டிப் பிரதேசத்தின் அனுபவத்தை உரைகல்லாகக் கொண்டு அவ்வெடுகோளைச் சோதிப்பதே எமது நோக்கமாகும்.

முதலில் தொழில்நுட்பத்தின் இயல்பை விளங்கிக்கொள்ளல் வேண்டும். மறைகுறியாக்கம் என்பது செய்தியை அனுப்புபவரின் கருவியிலேயே பூட்டி, பெறுபவரின் கருவியில் மட்டுமே திறக்கச் செய்யும் கணித முறையாகும். 2016 ஏப்ரல் முதல் வாட்ஸ்அப் தன் பாவனையாளர் அனைவரின் செய்திகளையும் இவ்வாறே பூட்டுகின்றது. இடைநிற்கும் கம்பனியிடமும் திறப்பு இல்லை. எனினும் யார், யாருடன், எப்போது தொடர்புகொண்டார் என்னும் விபரம் கம்பனிக்குப் புலப்படவே செய்கின்றது. அதே ஆண்டில், கலிபோர்னியாவில் 14 பேரைக் கொன்ற தாக்குதலில் ஈடுபட்ட ஒருவரின் ஐபோனைத் திறக்க உதவும் மென்பொருளை ஆக்கித் தருமாறு அமெரிக்கப் புலனாய்வுத்துறை நீதிமன்ற ஆணை பெற்றபோது, அப்பிள் நிறுவனம் மறுத்தது. ஒரு கருவிக்கென ஆக்கப்படும் திறப்பு ஏனைய கருவிகளையும் திறக்கும் என்பதே அதன் வாதம். வணிக நலன் அதன்பின் இருந்ததெனினும் வாதம் தவறானதன்று.

இனிக் கண்டிக்கு வருவோம். 2018 பெப்ரவரி 22ஆம் திகதி தெல்தெனியவில் வீதித் தகராறொன்றின்போது முஸ்லிம் இளைஞர் சிலரால் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி மார்ச் தொடக்கத்தில் மரணமானார். தொடர்ந்து திகன, அக்குறணை முதலிய இடங்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமாயிற்று. மறுநாள் முதல் ஏறத்தாழ ஒரு வாரம் முகநூல், வாட்ஸ்அப், வைபர் என்பன முடக்கப்பட்டன. இங்கு நோக்கற்பாலது யாதெனில், வன்முறைக்கான அழைப்புகள் முகநூலில் சிங்கள மொழியில் எவரும் காணக்கூடியவாறு பகிரங்கமாகவே இடம்பெற்றமையாகும். அவற்றைப் படிக்க எத்திறப்பும் தேவைப்படவில்லை. ஊரடங்கு நடைமுறையில் இருந்தபோதும் தாக்குதல்கள் தொடர்ந்தன. அன்று தனது பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்திலேயே மன்னிப்புக் கோரியது.

கும்பல்களை ஒருங்கிணைக்க வாட்ஸ்அப்பும் பயன்பட்டதே என வினவலாம். உண்மையே. ஆயினும் தாக்கப்பட்டோர் உறவினரைத் தேடுவதற்கு நாடிய சாதனமும் அதுவே. வி.பி.என். அறிந்தோர் தடையைத் தாண்டினர். அறியாதோர் இருளில் விடப்பட்டனர்.

தகவல் இருந்தும் செயற்படாமைக்கு மற்றொரு சான்று 2019 ஏப்ரல் 21ஆம் திகதிய உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களாகும். ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை கிடைத்திருந்தது. செயற்படத் தவறியமை அடிப்படை உரிமை மீறலென 2023 ஜனவரி 12ஆம் திகதி தீர்ப்பளித்த உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்தப் பணித்தது. மறுபுறத்தில், 'நவரசம்' என்னும் கவிதைத் தொகுதியின் ஆசிரியர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதாகி, 2021 டிசம்பரில் பிணையில் வெளிவந்து, 2023 டிசம்பரிலேயே புத்தளம் மேல் நீதிமன்றத்தால் விடுதலை செய்யப்பட்டார். அச்சில் வெளிவந்த கவிதையையே ஆபத்தெனப் படித்த நிர்வாகம், இரு நண்பரின் அந்தரங்க உரையாடலை எவ்வாறு படிக்கும்? இலக்கியம் பயில்வோர் இவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது.

குறித்த ஒருவர்மீது நியாயமான சந்தேகம் எழுமிடத்து, சுதந்திரமான நீதிமன்றின் ஆணையுடன் அவரது கருவியைப் பரிசோதித்தல் வேறு. அனைவரது பூட்டையும் பலவீனப்படுத்தல் வேறு. பின்னையது நடைமுறைக்கு வருமாயின் முதலில் திறக்கப்படுவன பெருமுதலாளியின் கணக்கேடுகளாக இரா. தோட்டத் தொழிற்சங்கவாதியினதும், காணாமலாக்கப்பட்டோரைத் தேடும் தாயினதும், பத்திரிகையாளரினதும் தொலைபேசிகளாகவே இருக்கும். எனவே முற்போக்காளர் இப்பூட்டைப் பாதுகாத்தல் வேண்டும். அதே வேளை, பகிரங்க வெறுப்புப் பேச்சுக்கெதிராக நடைமுறையிலுள்ள சட்டத்தை இனபேதமின்றிப் பிரயோகிக்குமாறு அரசையும், சிங்களமும் தமிழும் அறிந்த கண்காணிப்பாளரைப் போதியளவில் அமர்த்துமாறு கம்பனிகளையும் வற்புறுத்தல் வேண்டும். திகனவில் எரிந்த வீடுகளைக் காத்திருக்கக்கூடியன இவையே.