திடீர் திடீரென்று அணைகிறதா உங்கள் கம்ப்யூட்டர்? அக்காவின் காலண்டர் சொன்ன காரணம்!

"டேய், மறுபடியும் அணைஞ்சிடுச்சுடா. அதுவா அணையுது, அதுவா திரும்ப வருது. பேயா பிசாசா, ஒண்ணும் புரியலை!"

அந்த வாரத்தில் அக்காவிடமிருந்து வந்த நான்காவது போன் அது. திண்டுக்கல்லில் அவள் வீட்டு ஹாலில் இருப்பது ஏழு வருடப் பழைய டெஸ்க்டாப். அத்தான் ஆசையாக வாங்கி வைத்தது. அவர் போய் மூன்று வருடமாகிறது. பள்ளி ஆண்டு விழாவில் மகள் பேசியதை அவர் எடுத்த வீடியோ, பின்னாலிருந்து "மெதுவா, நிறுத்திப் பேசு கண்ணு" என்று கேட்கும் அவர் குரல், கொடைக்கானல் போன போட்டோக்கள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். வேறெங்கும் பிரதி இல்லை.

பக்கத்துக் கடையிலிருந்து வந்து பார்த்த பையன் ஐந்தே நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டான். "விண்டோஸ் போயிடுச்சுக்கா. ஃபார்மட் போட்டா சரியாயிடும்."

"போட்டோவெல்லாம் அப்படியே இருக்கும்ல தம்பி?"

"பார்க்கலாம்க்கா."

அந்தப் 'பார்க்கலாம்' என்ற வார்த்தைதான் அக்காவைப் பயமுறுத்தியது. உடனே எனக்கு போன். அந்தச் சனிக்கிழமையே பஸ் ஏறிவிட்டேன்.

போனதும் நான் பெட்டியைத் திறக்கவில்லை. இப்படி அணைந்து அணைந்து எழும் கம்ப்யூட்டரில் முதல் வேலை ரிப்பேர் அல்ல, பிரதி எடுப்பது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் ஃபைல் கெடலாம். ஒவ்வொரு முறையும் அதே ஆபத்து. கையோடு கொண்டு போன எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் மொத்தமாக இழுத்துப் போடாமல், சின்னச் சின்ன ஃபோல்டர்களாகக் காப்பி செய்தோம். நடுவில் இரண்டு முறை அணைந்தது. அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து, எந்த ஃபோல்டர் முடிந்தது என்று டிக் அடித்துக்கொண்டிருந்தாள். சில கணினிகள் பத்து நிமிடம்கூட நிற்காது. அப்போது உள்ளே இருக்கும் டிஸ்க்கைக் கழற்றி, அதற்கான யு.எஸ்.பி. கேபிள் மூலம் வேறு கம்ப்யூட்டரில் செருகிப் பிரதி எடுக்கலாம். எந்தக் கடையிலும் செய்து தருவார்கள். 'பிட்லாக்கர்' பூட்டு போட்ட புதிய கணினிகளில் மட்டும் அதற்கான மீட்பு எண் கையில் இருக்க வேண்டும்.

பிரதி எடுத்து முடித்ததும் அக்கா காபி போட்டாள். அதற்குப் பிறகுதான் விசாரணை.

தானாக ரீஸ்டார்ட் ஆவதில் இரண்டு ரகம் உண்டு. விண்டோஸ் உள்ளே ஏதோ பிழை கண்டு, 'இனி தாங்காது' என்று தானே நிறுத்திக்கொள்வது ஒன்று. மின்சாரமோ சூடோ காரணமாக, விண்டோஸுக்கே தெரியாமல் பொட்டென்று உயிர் போவது இன்னொன்று. பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். காரணம், பிழைத்திரை வந்தாலும் அதைக் காட்டிய வேகத்தில் மறுபடி கிளம்பும்படி விண்டோஸ் அமைக்கப்பட்டிருக்கிறது. அதை நிறுத்த வேண்டும். தேடல் பெட்டியில் 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று தட்டுங்கள். வரும் பெட்டியில் 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி' பகுதியின் செட்டிங்ஸைத் திறந்து, 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' எதிரே உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை பிழைத்திரை வந்தால் அப்படியே நிற்கும். அதைச் செல்போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பல வருடம் நீலமாக இருந்த அந்தத் திரை, விண்டோஸ் 11-ல் 2025 முதல் கறுப்பாகிவிட்டது. நிறம் எதுவானாலும் அதில் இருக்கும் பிழைப் பெயர்தான் முக்கியம். கூடவே ஒரு ஃபைலின் பெயரும் இருந்தால், அது எந்த டிரைவருக்கு உரியது என்று தேடிப் பார்க்கலாம்.

டிரைவர், பாதுகாப்பு மென்பொருள் போன்றவை எவ்வளவு ஆழத்தில் கை வைக்கின்றன என்பதை உலகமே பார்த்த நாள் 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஒரே ஒரு பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கணினிகள் எதிலும் வன்பொருள் பழுது இல்லை. ஆகவே புதிதாக ஏதாவது இன்ஸ்டால் செய்த மறுநாள் தொல்லை ஆரம்பித்திருந்தால், முதலில் அதை நீக்கிப் பாருங்கள்.

அக்கா வீட்டில் பிழைத்திரை எதுவும் வரவில்லை. வெறும் இருட்டு, பிறகு மறுபடி விண்டோஸ். 'ஈவென்ட் வியூவர்' என்ற பதிவேட்டைத் திறந்தேன். வரிசையாக 'கெர்னல் பவர் 41' என்று சிவப்புக் குறிகள். இதைப் பார்த்துப் பலர் ஏமாறுவார்கள். 'பவர்' என்று இருக்கிறதே, எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது என்று புதிதாக ஒன்று வாங்கி வருவார்கள். "போன தடவை நான் முறையாக மூடப்படவில்லை" என்பதை மட்டும்தான் அந்த 41 சொல்கிறது. தெருவில் மயங்கி விழுந்தவர் கண் விழித்து, "நான் விழுந்துட்டேன்" என்று சொல்வது மாதிரி. ஏன் விழுந்தார் என்பது அதில் இல்லை. பதிவேடு புரியாதவர்கள் தேடல் பெட்டியில் 'ரிலையபிலிட்டி' என்று தட்டினால், எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று காலண்டர் மாதிரி ஒரு படம் வரும். வீட்டில் இருப்பவர்களுக்கு அதுவே போதும்.

அடுத்து சூடு. இங்கேதான் நான் சறுக்கினேன்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால், பிராசஸர் மேல் இருக்கும் விசிறிக்கு அடியில் தூசு கம்பளி மாதிரி படிந்திருந்தது. பிராசஸர் அளவுக்கு மீறிச் சூடானால் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 100 டிகிரி செல்சியஸை ஒட்டிய எல்லையையும் தாண்டினால், எரிந்துபோகாமல் இருக்கத் தானே அணைந்துவிடும். "இதுதான்க்கா காரணம்!" என்று அறிவித்துவிட்டேன். சின்ன பிரஷ், கையால் அழுத்தும் ஊதி இரண்டையும் வைத்துச் சுத்தம் செய்தோம். ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் காற்றின் வேகத்தில் சுற்றிக் கெட்டுப்போகும். காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் பூசினேன். ரேம் அட்டையைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களை பென்சில் ரப்பரால் தேய்த்து மறுபடி பொருத்தினேன். 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' சோதனையும் ஓடியது. ரேமில் குறையில்லை. டிஸ்க்கும் நலம்.

"மாமா, சரியாயிடுச்சு!" என்று அக்கா மகள் குதித்தாள். ஞாயிறு முழுக்க அணையவில்லை. நான் பெருமையோடு ஊர் திரும்பினேன். திங்கள் காலை ஆறே முக்காலுக்கு போன். "டேய்... போயிடுச்சுடா."

எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் கிளம்பும்போது அக்காவிடம் ஒரு வேலை கொடுத்திருந்தேன். ஒவ்வொரு முறை அணையும்போதும் மணியையும், அப்போது வீட்டில் என்ன நடந்தது என்பதையும் குறித்துவைக்கச் சொல்லியிருந்தேன். பால் கணக்கு எழுதும் அதே மாதக் காலண்டரில் எழுதினாள். பத்து நாள் கழித்து அதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். காலை 6.40. காலை 6.45. மாலை 5.30. காலை 6.40. பக்கத்திலேயே அவள் கையெழுத்தில், 'தண்ணி வந்துச்சு', 'மோட்டார் போட்டேன்', 'மோட்டார்'. அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் குழாயில் தண்ணீரே வரவில்லையாம். என் தெர்மல் பேஸ்ட்டின் மகிமை அவ்வளவுதான்.

"அக்கா, மோட்டார் போடும்போது லைட் மங்குமா?"

"எப்பவும் லேசா மங்கும். அதுக்கென்ன இப்போ?"

தண்ணீர் மோட்டார் கிளம்பும் அந்தக் கணத்தில், ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு கரன்ட்டை இழுக்கும். வீட்டு வயரிங்கில் மின்னழுத்தம் ஒரு கணம் சரியும். விளக்கு மங்குவது அதனால்தான். நல்ல நிலையில் உள்ள எஸ்.எம்.பி.எஸ். மின்சாரமே வராவிட்டாலும் சுமார் 16 மில்லி நொடி தன் கையிருப்பில் தாக்குப்பிடிக்கும். வருடங்கள் ஆக ஆக உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் தளர்ந்து அந்தக் கையிருப்பு குறையும். அதற்குத்தானே யு.பி.எஸ். என்று நீங்கள் கேட்கலாம். அக்கா வீட்டில் யு.பி.எஸ்.ஸும் இருந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டும் இருந்தது.

அடுத்த வாரம் போய், கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு அந்த யு.பி.எஸ்.ஸில் ஒரு சின்ன டேபிள் லாம்ப்பை மட்டும் செருகினேன். சுவரிலிருந்து யு.பி.எஸ். பிளக்கை உருவினேன். லாம்ப் உடனே அணைந்தது. பேட்டரி செத்து எத்தனை மாதமோ! திறந்து பார்த்தால் பக்கவாட்டில் உப்பியிருந்தது. இந்த வகை பேட்டரிக்கு ஆயுள் பெரும்பாலும் இரண்டு மூன்று வருடம்தான். அத்தான் இருந்தபோது மாற்றியதோடு சரி, அதற்குப் பிறகு அதைப் பற்றி யாருக்கும் ஞாபகமில்லை. உங்கள் வீட்டிலும் இந்த லாம்ப் சோதனையைச் செய்து பாருங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது.

பேட்டரியை மாற்றியபின் பெரும்பாலும் சரியாகிவிட்டது. 'பெரும்பாலும்' என்கிறேன், ஏனென்றால் மறுவாரம் ஒருமுறை அணைந்தது. யு.பி.எஸ். சுவர் மின்சாரத்திலிருந்து பேட்டரிக்கு மாறும் அந்தச் சில மில்லி நொடிகளைக்கூட, தளர்ந்துபோன எஸ்.எம்.பி.எஸ்.ஸால் தாங்க முடியவில்லை. அதையும் மாற்றினோம். ஒரு எச்சரிக்கை: எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். முழுதாக மாற்றுவதுதான் வழி. எலெக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த்தையும் பார்க்கச் சொன்னோம். சுவர் பிளக்கில் ஒரு முனை தளர்ந்திருந்ததைக் கண்டுபிடித்து இறுக்கினார். மற்றதெல்லாம் சரி.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இந்த மோட்டார் கதை பெரும்பாலும் பொருந்தாது, பேட்டரியே யு.பி.எஸ். வேலையைச் செய்துவிடும். அங்கே தூசும் சூடும்தான் முதல் சந்தேகம், மெத்தை மேல் வைத்து ஓட்டுவது உட்பட. டச்பேட் மேலெழும்பி, அடித்தகடு உப்பித் தெரிந்தால் பேட்டரி வீங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே அணைத்துவிட்டு, சார்ஜ் போடாமல் கடைக்குக் கொண்டுபோங்கள்.

கடைக்குப் போகும்போது "அடிக்கடி ஆஃப் ஆகுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த நேரத்தில், என்ன செய்யும்போது, பிழைத்திரை வந்ததா இல்லையா என்று எழுதிக் கொண்டுபோங்கள். ஃபார்மட் என்று பேச்சு வந்தால், பிரதி எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். ஃபார்மட் விண்டோஸ் கோளாறைத்தான் தீர்க்கும். தண்ணீர் மோட்டாரை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

அக்கா வீட்டுக் காலண்டரில் இப்போது வேறு ஒரு குறிப்பு இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதிக் கட்டத்தில், பால் கணக்குக்கு மேலே, 'காப்பி' என்று எழுதியிருக்கிறாள். போன மாதம் போனபோது, "என்னக்கா இது, காபித்தூள் வாங்கவா?" என்று கேட்டேன்.

"போடா, உங்க அத்தான் போட்டோவை டிஸ்க்குல ஏத்தற நாள்" என்றாள்.