கீழ்க்கோர்ட்டும் மேல்கோர்ட்டும்

"கீழே போனால் போகிறது, மேலே அப்பீலில் பார்த்துக்கொள்வோம்" என்னும் பேச்சு நம் சங்கங்களில் அடிக்கடி காதில் விழுகிறது. கடன் வாங்கியவரும் இதைச் சொல்கிறார். அவருக்கு ஜாமீன் கையெழுத்திட்டவரும் சொல்கிறார். சில வேளைகளில் நிர்வாகக் குழுவினரே சொல்லக் கேட்டிருக்கிறோம். மேல்கோர்ட்டில் வழக்கு முதலிலிருந்து புதிதாகத் தொடங்கும் என்ற எண்ணமே இப்பேச்சுக்கு அடிப்படை. அவ்வாறு தொடங்குவதில்லை. இந்த ஓர் எண்ணத்தால் ஜாமீன்தாரின் வீடு ஜப்திக்கு வரக்கூடும் ஆதலின், இருவகைக் கோர்ட்டுகளின் வேலை இன்னது என்பதைச் சிறிது விரிவாகவே எழுதுகிறோம்.

தாம்பரத்தையே எடுத்துக்கொள்வோம். முடிச்சூரில் உள்ள ஒரு விவசாயி, வரப்புத் தகராறில் அண்டை நிலக்காரர்மீது தாம்பரம் முன்சீப் கோர்ட்டில் தாவா தொடுக்கிறார் என்க. அங்கே இரு தரப்பாரும் கூண்டில் ஏறிச் சாட்சியம் கூறுவர். பத்திரங்கள் ஒவ்வொன்றாகக் குறியீடு இடப்பெறும். குறுக்கு விசாரணை நடைபெறும். வேண்டுமானால் கமிஷனர் ஒருவர் நிலத்துக்கே வந்து அளந்து வரைபடம் கொடுப்பார். சாட்சி தயங்குவதையும் கேள்விக்கு நேர்விடை கூறாமல் நழுவுவதையும் நீதிபதி கண்ணாரக் காண்கிறார். சாட்சியின் நடத்தையைப் பற்றி அவர் குறிப்பு எழுதி வைக்கலாம் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் தனி விதியே இருக்கிறது. வழக்கின் உண்மைகள் யாவும் பதிவாகும் இடம் இதுதான்.

தோற்றவர், வழக்கின் மதிப்புக்கும் ஏற்பாட்டுக்கும் தக்கவாறு, சார்பு கோர்ட்டிலோ செங்கற்பட்டு மாவட்டக் கோர்ட்டிலோ முதல் அப்பீல் செய்துகொள்ளலாம். இதற்குக் கெடு 30 நாள். ஐகோர்ட்டுக்கே செல்லும் அப்பீலாயின் 90 நாள். தீர்ப்பின் நகல் பெறுவதற்குச் செல்லும் காலம் இக்கணக்கில் சேராது. அப்பீல் கோர்ட்டில் சாட்சிகள் வந்து நிற்பதில்லை; கீழிருந்து வந்த கட்டே பேசுகிறது. அந்தக் கட்டைக் கொண்டு நீதிபதி உண்மையையும் சட்டத்தையும் மறுபடி எடைபோடலாம், தீர்ப்பை மாற்றலாம், குறை கண்டால் வழக்கைக் கீழ்க்கோர்ட்டுக்கே திருப்பியும் அனுப்பலாம். புதிய பத்திரத்தை எளிதில் ஏற்கமாட்டார். கீழ்க்கோர்ட் அதைத் தவறாக மறுத்திருக்க வேண்டும். அல்லது எவ்வளவு முயன்றும் அப்போது அது கிட்டாதிருந்திருக்க வேண்டும். அல்லது தீர்ப்புக் கூற அது தமக்கே தேவை என்று அப்பீல் கோர்ட் கருத வேண்டும். பெட்டியில் வைத்து மறந்துவிட்டோம் என்பது இவற்றுள் அடங்காது.

இரண்டாம் அப்பீல் சென்னை ஐகோர்ட்டில். 1976-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு, முக்கியமான சட்டப் பிரச்சினை ஒன்று இருந்தாலன்றி அங்கே இடமில்லை. வரப்பு எங்கே இருந்தது என்பதை ஐகோர்ட் பொதுவாக மறுபடி ஆராயாது. ஒரே தாவாவுக்காகத் தாம்பரத்துக்காரர் முதலில் தெற்கே செங்கற்பட்டு வண்டியிலும், பிறகு வடக்கே கடற்கரை வண்டியிலும் ஏற நேரலாம். வண்டிச் சத்தம் குறைவுதான், வக்கீல் கட்டணம் அப்படியன்று.

மேலும் கீழும் சேர்ந்து இயங்கும் விதத்துக்குத் தமிழ்நாடு மறவாத உதாரணம் ஒன்று உண்டு. 1944-இல் சென்னையில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் குத்தப்பட்டு இறந்தார். அவ்வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் 1945-இல் ஆயுள் தண்டனை பெற்றனர். விசாரணை ஜூரியுடன் ஐகோர்ட்டிலேயே நடந்தது. அப்பீலும் அதே ஐகோர்ட்டில் வேறு நீதிபதிகளிடம் சென்று தோற்றது. பின்னர் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலுக்குப் போயிற்று. பிரிவி கவுன்சில் அவர்களைத் தானே விடுவித்துவிடவில்லை. அப்பீலை மீண்டும் விசாரிக்குமாறு சென்னைக்கே அனுப்பிற்று. ஐகோர்ட் முன்பே பதிவாகியிருந்த சாட்சியத்தை ஆராய்ந்து, 1947 ஏப்ரலில் இருவரையும் விடுதலை செய்தது. அவர்கள் சிறையில் கழித்தது இரண்டாண்டுக்கு மேல். அப்பீல் அவர்களைக் காத்தது உண்மையே. ஆயினும் காத்தது, முதல் விசாரணையில் குறுக்கு விசாரணையின் வாயிலாகப் பதிவாகியிருந்த கட்டுதான் என்பதை நம் அங்கத்தினர் கவனிக்க வேண்டும்.

இனி நம் சங்கங்களுக்கு வருவோம். தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983-இன் 90-ஆம் பிரிவின்படி, சங்கத்துக்கும் அங்கத்தினருக்கும் ஜாமீன்தாருக்கும் இடையே சங்க அலுவல் பற்றி எழும் தகராறுகள் ரிஜிஸ்திராரிடம் செல்கின்றன. அவரோ அவரால் நியமிக்கப்பெற்றவரோ முடிவு கூறுவார். முன்சீப் கோர்ட்டுக்கு அங்கே வேலையில்லை. முடிவின்மேல் அப்பீல், 152-ஆம் பிரிவின்படி, கூட்டுறவுத் தீர்ப்பாயத்துக்கு. பெயர்கள் வேறாயினும் முறை ஒன்றே: முதல் விசாரணையே விசாரணை; தீர்ப்பாயம் பார்ப்பது அதன் கட்டை.

அனகாபுத்தூரில் நெசவாளர் ஒருவர் மற்றொருவருக்கு நூல் கடனில் ஜாமீன் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடன்காரர் தவணை கட்டவில்லை. நோட்டீசு வருகிறது, "கடன் என்னுடையதன்று" என்று எண்ணி ஜாமீன்தார் போகாமலிருக்கிறார். கடன்காரர் பாதித் தொகையைச் செலுத்தியிருக்கக்கூடும். அதன் ரசீது ஜாமீன்தாரின் வீட்டு மாடத்திலேயே இருக்கக்கூடும். அந்த ரசீது விசாரணையில் காட்டப்படவில்லையாயின், முழுத் தொகைக்கும் முடிவாகிறது. பிறகு தீர்ப்பாயத்தில் அவர் முதலில் வாதாட வேண்டியது கடனைப் பற்றியன்று; தாம் ஏன் வரவில்லை என்பதைப் பற்றி.

சங்கத்தின் பக்கமும் பார்ப்போம். ஒழுங்காக எழுதிவரும் பேரேட்டுப் பதிவு சாட்சியமாகும். ஆனால் அது மட்டுமே ஒருவரைக் கடனாளியாக்கப் போதாது என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் விதி. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்திலும் அது தொடர்கிறது. கடன் பத்திரம், வவுச்சர், நூல் பெற்ற கையொப்பம் ஆகியவை உடன் இருந்தாக வேண்டும். காரியதரிசிகள் பேரேட்டை மட்டும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவதை நாம் விரும்புவதில்லை.

இன்னொன்று. அப்பீல் போட்டவுடன் டிகிரி தானாக நின்றுவிடாது. தடை உத்தரவைத் தனியே கேட்டுப் பெற வேண்டும்; பணம் பற்றிய டிகிரியாயின் உரிமையியல் கோர்ட் தொகையைக் கட்டுமாறோ ஈடு காட்டுமாறோ கூறும். மேல்கோர்ட்டில் வென்றவரும் தம் டிகிரியை நிறைவேற்றிக்கொள்ள, வழக்கு முதலில் தொடங்கிய கோர்ட்டுக்கே திரும்பி வந்து மனுக் கொடுக்க வேண்டியவராகிறார். தோற்ற அங்கத்தினர், தீர்ப்புக் கூறிய அன்றே நகலுக்கு மனுக் கொடுத்து, மனுக் கொடுத்த தேதியும் நகல் கிடைத்த தேதியும் அதன்மேல் எழுதப்பெற்றுள்ளனவா என்று பார்த்து வாங்குக. கெடு கணக்கிடப்படுவது அத்தேதிகளைக் கொண்டே.